ஒரே பெயருக்கு இரு கோப்புகள்
கணினிப் பொதிகளின் உரிமை வழக்கு: ஒரு வரலாற்று நோக்கு

பினாங்கின் டத்தோ கிராமாட் சாலை முன்னாளில் ‘டத்தோ கிராமாட் ரோடு’ என்று வழங்கியது. இன்று அதன் பலகையில் ‘ஜாலான் டத்தோ கிராமாட்’ என்று காண்கிறோம். ‘ரோடு’ போய் ‘ஜாலான்’ வந்தது. ஊரறிந்த பெயர் நிலைத்து நின்றது. அதே ஜார்ஜ் டவுனில் ‘பிட் ஸ்திரீட்’ எனப்பட்ட தெருவோ, ஆங்குள்ள பள்ளிவாசலின் பெயரைப் பெற்று ‘ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங்’ ஆயிற்று. அங்கே பழம்பெயர் முழுவதும் நீங்கிவிட்டது. ஆயினும் பழைய நிலப்பத்திரம் ஒன்றில் ‘பிட் ஸ்திரீட்’ என்றிருந்தால், அஃது எத்தெரு என்று இன்றும் சொல்லிவிடலாம். இன்ன பெயர் நீங்கி இன்ன பெயர் வந்தது என்னும் செய்தி பதிவாகியிருப்பதே அதற்குக் காரணம். பதிவின்றிப் பெயர் மாறியிருந்தால் பத்திரம் இருந்தும் தெரு தொலைந்திருக்கும்.

பழையது நீங்கிப் புதியது அதன் இடத்திற்கு வரும்போது இன்றியமையாதது யாது என்னும் வினாவைக் கணினித் துறை முப்பதாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து, சில தெளிவான விடைகளைக் கண்டிருக்கிறது. அவ்விடைகள் தோன்றிய வரலாறு தமிழாசிரியர்களும் அறிந்துகொள்ளத்தக்கது. ஏனெனில், அதே வினாவிற்கு உரிய காலத்தில் விடை காணாமையால் தமிழ் எழுத்துலகம் அடைந்த இழப்பும் உண்டு.

கோப்பும் பொதியும்

கணினியிலுள்ள ஒவ்வொரு கோப்பிற்கும் ஒரு பெயரும் ஓர் இடமும் உண்டு. ஓர் இடத்தில் ஒரு பெயரில் ஒரு கோப்பே இருத்தல் கூடும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எண்ணுக்கு ஒரு மாணவனே இருப்பது போன்றது இது. ஒரே எண்ணில் இரண்டாம் மாணவன் பெயரை எழுதப் புகுந்தால் முதல்வன் பெயரை அடித்தே எழுதவேண்டும்.

மென்பொருள் என்பது பெரும்பாலும் ஒற்றைக் கோப்பன்று. இயங்கும் நிரல், அதற்குத் துணையான நூலகக் கோப்புகள், எழுத்துருக்கள், விளக்கக் குறிப்புகள், பயனர் விருப்பங்களைக் குறித்துவைக்கும் அமைவுக் கோப்பு எனப் பல சேர்ந்ததே ஒரு மென்பொருள். இவற்றை ஒன்றாகக் கட்டி அனுப்பும் கட்டினைப் பொதி என்பர். பொதியைப் பிரித்துக் கோப்புகளை உரிய இடத்தில் வைத்து, வேண்டாதபோது அவற்றை எடுத்துவிடும் நிரலுக்குப் பொதி மேலாளர் என்று பெயர்.

ஆயிரக்கணக்கான பொதிகள், ஒருவரை ஒருவர் அறியாத பலரால், பல நாடுகளில் ஆக்கப்படுகின்றன. அவற்றுள் இரண்டு ஒரே இடத்தில் ஒரே பெயருள்ள கோப்பை வைக்க முற்படுவது இயல்பே. அப்போது வெல்வது யார்? தோற்றவன் பொருள் என்னாகும்? இவையே வழக்கின் இரு வினாக்கள்.

ஏடில்லாக் காலம்

தொடக்கத்தில் இவ்வினாக்களை எவரும் கேட்கவில்லை. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் மென்பொருளை ஒரே கட்டாகக் கொணர்ந்து, அவிழ்த்துக் கொட்டுவதே வழக்கம். பின்னர் வந்தது முன்னர் இருந்ததன் மேல் எழுதிவிடும். எக்கோப்பு எந்த மென்பொருளுக்கு உரியது என்று சொல்ல ஏடு இல்லை. ஆகவே ஒரு மென்பொருளை நீக்க விரும்பியவர் எதை அழிப்பது, எதை விடுவது என்று அறியாது திகைத்தனர்.

விண்டோஸ் கணினிகளிலும் 1990களில் இந்நோய் பரவியிருந்தது. பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ‘டிஎல்எல்’ எனப்படும் நூலகக் கோப்புகளைப் புதிதாக நிறுவப்படும் மென்பொருள் தன் பதிப்பால் மாற்றிவிடும். நேற்றுவரை ஓடிய வேறொரு மென்பொருள் இன்று நின்றுவிடும். காரணம் பயனருக்குத் தெரியாது. இந்நிலையைக் கணினியாளர் ‘டிஎல்எல் நரகம்’ என்றே பெயரிட்டு அழைத்தனர். முதன்மையான கோப்புகளைப் பிற மென்பொருள்கள் மாற்றினால் அவற்றைத் தானே மீட்டு வைக்கும் காவல்முறை, 2000ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 2000இல் இடம்பெற்றது.

உரிமையேட்டின் தோற்றம்

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அதனைச் சூழப் பல மென்பொருள்களைச் சேர்த்து வழங்கும் தொகுப்புகள் விரைவில் தோன்றின. அவற்றுள் எஸ்.எல்.எஸ். என்பது 1992இல் பரவலாயிற்று. அதன் குறைகளால் மனம் சலித்த இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர், 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் டெபியன் என்னும் தொகுப்பினை அறிவித்தார். கட்டொழுங்கோடு பலர் கூடி ஆக்கும் தொகுப்பு வேண்டும் என்பது அவர் கருத்து.

பலர் கூடி ஆக்குவதென்றால் எல்லைத் தகராறு வரும்; எல்லைத் தகராறு வந்தால் ஏடு வேண்டும். அவ்வேட்டைக் காக்கும் நிரலே ‘டிபிகேஜி’ ஆகும். அது முதலிற் சிறு நிரலாகத் தோன்றி, 1994இல் இயன் ஜாக்சன் என்பாரால் சி மொழியில் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. மறு ஆண்டில், 1995இல், ரெட் ஹாட் நிறுவனம் ‘ஆர்பிஎம்’ என்னும் பொதி மேலாளரைக் கொணர்ந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் லினக்ஸ் தொகுப்புகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றின் வழிவந்தவை. 2004இல் தோன்றிய உபுண்டுவும் டிபிகேஜி மரபினதே.

இவ்விரண்டும் செய்த பெருந்தொண்டு உரிமையேடு வகுத்ததாகும். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பட்டியல். அப்பட்டியலில் அப்பொதி வைத்த ஒவ்வொரு கோப்பின் பெயரும் இருக்கும். புதிய பொதி ஒரு கோப்பை வைக்க வரும்போது, அப்பெயர் வேறொரு பொதியின் பட்டியலில் உண்டா என்று மேலாளர் பார்க்கும். உண்டெனில், ‘இக்கோப்பு இன்ன பொதிக்கும் உரியது, அதன்மேல் எழுத முயல்கிறாய்’ என்னும் பொருள்பட அறிவித்து, டிபிகேஜி பணியை நிறுத்திவிடும். ஆர்பிஎம் சற்றே நெகிழ்வுடையது: இரு பொதிகளிலும் உள்ள கோப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்தால் இருவரும் பகிர்ந்துகொள்ள விடும், வேறுபட்டால் அதுவும் தடுக்கும்.

கோப்பை மாற்றும் முறையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. டிபிகேஜி புதிய கோப்பைப் பழையதன் மேல் நேரே எழுதுவதில்லை. முதலில் அருகே ஒரு தற்காலிகப் பெயரில் முழுமையாக எழுதி வைத்து, பின்னரே பெயர் மாற்றத்தால் பழையதன் இடத்திற்கு அதனைக் கொணரும். ஆகவே இடையிலே வேலை தடைப்பட்டாலும் பாதி பழையதும் பாதி புதியதுமான கோப்பு அங்கே நிற்பது தவிர்க்கப்படுகிறது.

அறிவித்து எடுத்தல்

தடுத்தல் மட்டுமே விதியானால் வளர்ச்சி இராது. ஒரு பொதி இரண்டாகப் பிரியலாம். ஒன்றன் கோப்பு மற்றொன்றிற்குப் போகலாம். பழைய பொதி புதுப்பெயர் பெறலாம். இவை நேர்மையான மாற்றங்கள். இவற்றிற்கு இடந்தர, பொதியின் முகப்பேட்டில் சில அறிவிப்புகள் வகுக்கப்பட்டன.

அவற்றுள் முதன்மையானவை இரண்டு. ‘ரிப்ளேசஸ்’ என்பது ஒன்று: ‘இன்ன பொதியின் கோப்புகளை யான் எடுத்துக்கொள்வேன்’ என்பது அதன் பொருள். ‘கான்ஃபிளிக்ட்ஸ்’ என்பது மற்றொன்று: ‘இன்ன பொதியும் யானும் ஓரிடத்தில் இருத்தல் இயலாது’ என்பது அதன் பொருள். முதலாவது மட்டும் இருந்தால் கோப்பின் உரிமை ஒரு பட்டியலினின்று மற்றொரு பட்டியலுக்கு மாறும். பழைய பொதி எஞ்சிய கோப்புகளோடு வாழும். இரண்டும் சேர்ந்து வந்தால் பழைய பொதி நீங்கிப் புதியது அதன் இடத்தைக் கொள்ளும். ஒரு பொதியின் கோப்புகள் யாவும் ஒவ்வொன்றாகப் பிறரால் எடுக்கப்பட்டு, அதன் பட்டியலில் ஒன்றும் எஞ்சாதபோது, அப்பொதி ‘மறைந்தது’ என்று ஏட்டிற் குறிக்கப்படும்.

இதற்குத் தமிழ்ச் சான்று ஒன்றுண்டு. டெபியனில் கல்யாணி, மதுரம் முதலிய தமிழ் எழுத்துருக்கள் ‘டிடிஎஃப்-தமிழ்-ஃபாண்ட்ஸ்’ என்னும் பொதியில் இருந்தன. எழுத்துருப் பொதிகளின் பெயரை ஒரே முறையில் அமைக்க வேண்டும் என்று பின்னர் முடிவாயிற்று. 2013ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த டெபியன் 7இல் அவை ‘ஃபாண்ட்ஸ்-தமிழ்’ என்று பொருள்படும் புதுப்பெயர்ப் பொதிக்கு மாறின. பழைய பெயரில் வெறும் வழிகாட்டிப் பொதி ஒன்றும் வைக்கப்பட்டது. அதனைப் புதுப்பித்தவர்க்குப் புதிய பொதி தானே வந்துசேரும். பயனர் திரையில் ஓர் எழுத்தும் பிறழவில்லை. பிட் ஸ்திரீட்டின் புதுப்பலகைக்குக் கீழே பழம்பெயரையும் சிறிதாக எழுதி வைப்பது எத்தகைய உதவியோ, அத்தகையதே இவ்வழிகாட்டிப் பொதியும்.

தமிழாசிரியர்க்கு இம்முறை புதிதன்று. சொல்லோடு சொல் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரம் நிகழும் என்பது இலக்கணம். வாழைப்பழத்தில் ஓரெழுத்துத் தோன்றியது. பொற்குடத்தில் ஓரெழுத்துத் திரிந்தது. மரவேரில் ஓரெழுத்துக் கெட்டது. எனினும் பொற்குடத்தைப் பிரித்துப் பொன், குடம் எனக் காட்டத் தொடக்கப்பள்ளி மாணவனாலும் இயலும். விகாரம் விதியின்படி நிகழ்ந்தமையால் பழைய வடிவத்தை மீட்க வழி உண்டு. பொதி மேலாளரின் அறிவிப்புகளும் மாற்றத்தை விதிக்குட்படுத்தி, மீட்சிக்கு வழி வைப்பனவே.

இருவரும் வேண்டுமெனில்

சில வேளைகளில் ஒரே பணியைச் செய்யும் இரு நிரல்கள் ஒரே பெயருக்கு உரிமை கொண்டாடும். ‘எடிட்டர்’ என்று அழைத்தால் எந்த உரைத்திருத்தி வரவேண்டும்? இதற்காக டெபியன் ‘மாற்றுகள்’ என்னும் முறையை வகுத்தது. பொதுப்பெயர் எவருக்கும் சொந்தமன்று. அது ஒரு சுட்டு மட்டுமே. ஒவ்வொரு நிரலும் தன் சொந்தப் பெயரில் இருக்கும். பொதுப்பெயர் அவற்றுள் ஒன்றைச் சுட்டும். கணினிக்கு உரியவர் விரும்பினால் சுட்டை மாற்றிக்கொள்ளலாம். அவர் ஒருமுறை தம் கையால் தேர்ந்தபின், புதிய பொதி எத்துணை உயர்வுடையதாயினும் அத்தேர்வை மாற்றாது.

மற்றொரு முறை ‘திசைதிருப்பல்’ எனப்படும். ஒரு பொதியின் கோப்பை அழிக்காமல் வேறொரு பெயருக்கு ஒதுக்கி வைத்து, அதன் இடத்தில் தன் கோப்பை வைக்கும் முறை இது. ஒதுக்கிய செய்தி ஏட்டில் இருப்பதால், மூலப்பொதி புதுப்பிக்கப்படும்போது அதன் புதிய கோப்பும் ஒதுக்கிய இடத்திற்கே செல்லும். இடத்தைக் கொண்ட பொதி நீங்கும் நாளில் ஒதுக்கலும் நீக்கப்பட்டு, பழையது தன் பெயருக்குத் திரும்பும்.

பயனர் கைப்பட்ட கோப்பு

இதுகாறும் கண்டவை பொதிக்கும் பொதிக்கும் இடையிலான வழக்குகள். இவற்றினும் நுட்பமானது பொதிக்கும் மனிதனுக்கும் இடையிலான வழக்கு. அமைவுக் கோப்பைப் பொதி தருகிறது. பயனர் தம் தேவைக்கேற்பத் திருத்துகிறார். புதிய பதிப்பு வரும்போது புதிய அமைவுக் கோப்பும் உடன் வருகிறது. எதை வைப்பது?

டிபிகேஜி மூன்றை ஒப்பிடும்: முன்பு பொதி தந்த வடிவம், இப்போது பொதி தரும் வடிவம், கணினியில் உள்ள வடிவம். பயனர் ஒன்றும் திருத்தவில்லையெனில் புதியதை வைத்துவிடும். பயனர் திருத்தியிருக்க, பொதியின் வடிவம் மாறவில்லையெனில் பயனர் வடிவமே நிற்கும். இருபுறமும் மாறியிருந்தால் தானே முடிவு செய்யாது, பயனரை வினவும். அவர் விடை கூறாது ஒப்புவித்தால் அவருடைய வடிவமே நிலைபெறும். எவ்வடிவம் தோற்றாலும் அஃது அழிவதில்லை. ‘பழையது’ என்றோ ‘பொதியினது’ என்றோ பொருள்படும் ஈற்றோடு அருகில் வைக்கப்படும். ஆர்பிஎம் முறையிலும் இவ்வாறே திருத்தப்பட்ட கோப்பின் இரு வடிவங்களும் பாதுகாக்கப்படும். வினவுவது மட்டும் இல்லை.

சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் பணியை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பல ஊர்களினின்று வந்த ஏட்டுச் சுவடிகள் ஓரிடத்தில் வெவ்வேறு பாடம் காட்டும். பதிப்பாசிரியர் ஒன்றைத் தெரிந்து மூலத்தில் வைத்தாக வேண்டும். ஐயரவர்கள் தாம் கொள்ளாத பாடங்களைப் பிரதிபேதம் எனக் குறித்துப் படிப்பவர் கையில் கொடுத்தார். பிற்கால ஆராய்ச்சியாளர் வேறு பாடமே சிறந்தது என்று கருதினால் அவர்க்கும் வழி அடைபடவில்லை. அருகில் வைக்கப்படும் பழைய கோப்பும் கணினியின் பிரதிபேதமே எனலாம்.

ஒரு பெயர் வழக்கு

விதிகள் எத்துணை இருப்பினும் மனிதர் தீர்க்க வேண்டிய வழக்குகளும் வரும். டெபியனின் நெறிமுறைப்படி, வெவ்வேறு பணி செய்யும் இரு நிரல்கள் ஒரே பெயரைக் கொள்ளலாகாது. மாற்றுகள் முறையும் அவற்றிற்கு உதவாது. உடன்பாடு ஏற்படாவிடின் இருவருமே பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவ்விதி ‘நோட்’ என்னும் பெயரில் சோதனைக்கு உள்ளாயிற்று. பொழுதுபோக்கு வானொலியாளர் பயன்படுத்தும் சிறு நிரல் ஒன்று டெபியனில் அப்பெயரைக் கொண்டிருந்தது. 2009இல் தோன்றி விரைவிற் புகழ்பெற்ற ‘நோட்.ஜேஎஸ்’ என்னும் நிரலும் அதே பெயரால் இயங்குவது. முன்னதற்கு முதன்மை உரிமை. பின்னதற்கு மிகப் பெருங் கூட்டம். வழக்கு டெபியனின் தொழில்நுட்பக் குழுவிடம் சென்றது. 2012ஆம் ஆண்டில் குழு தீர்ப்பளித்தது: வானொலி நிரல் வேறு பெயர் கொள்ளவேண்டும், புதியது ‘நோட்ஜேஎஸ்’ என்னும் பெயரில் இயங்கவேண்டும், ‘நோட்’ என்னும் சுருக்கப்பெயரை வேண்டுவோர்க்குத் தனியே ஒரு சிறு பொதி தரப்படும். சில ஆண்டுகள் கழிந்து பழைய பயன்பாடு அருகியபின், 2017இல் குழு அத்தடையை நீக்கியது. இன்று ‘நோட்’ என்னும் பெயர் நோட்.ஜேஎஸ் வசமே உள்ளது. கூட்டம் பெரிதென்பதற்காகச் சிறியவர் கோப்பின்மேல் ஒரே இரவில் எழுதிவிடவில்லை. காலந்தந்து, அறிவித்து, மாற்றினர் என்பது கருதத்தக்கது.

மாற்றாத நெறி

2003ஆம் ஆண்டளவில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா முற்றிலும் வேறொரு வழியை வகுத்தார். ‘நிக்ஸ்’ எனப்படும் அவருடைய பொதி மேலாளர் எக்கோப்பின்மேலும் எழுதுவதில்லை. ஒவ்வொரு பொதியும், ஒரு பொதியின் ஒவ்வொரு பதிப்பும், அதனை ஆக்கப் பயன்பட்ட பொருள்களினின்று கணக்கிடப்பட்ட தனிக்குறியைப் பெயரில் தாங்கித் தனி அறையில் வாழும். பத்துப் பதிப்புகளும் ஒருங்கே இருக்கலாம். புதியது பழுதானால் முந்தியதற்குத் திரும்பலாம். இவ்வசதிக்கு விலையும் உண்டு: இடம் மிகுதியாக வேண்டும், பயன்படாதவற்றை அவ்வப்போது பெருக்கித் தள்ளவும் வேண்டும். வீட்டில் பழைய செய்தித்தாளையெல்லாம் சேர்த்து வைப்பவர் இந்த விலையை அறிவர்.

தமிழெழுத்தில் நேர்ந்தது

இனித் தமிழின்பால் வருவோம். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல தோன்றின. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சிகள், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மேலை நாடுகளிலும் பிறருடைய ஆக்கங்கள் எனத் தமிழ் கணினியில் தழைத்தது. அக்காலக் கணினியில் எழுத்துகளுக்கு 256 இடங்களே உண்டு. ஆங்கிலத்திற்கு உரியவை போக எஞ்சிய இடங்களில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழெழுத்துகளைத் தன் போக்கில் வைத்தது. ஒன்றில் ‘க’ இருந்த எண்ணில் மற்றொன்றில் வேறெழுத்து இருந்தது. ஒரே இடத்திற்குப் பலர் உரிமை கொண்டாடினர். ஏடும் இல்லை, அறிவிப்பும் இல்லை. ஓர் எழுத்துருவில் எழுதிய மடலை மற்றோர் எழுத்துருவில் திறந்தவர் பொருளற்ற எழுத்துக் குவியலையே கண்டார்.

இக்குழப்பத்தைத் தீர்க்க அறிஞர்கள் முயன்றனர். மின்னஞ்சல் வழி ஆராய்ந்து ‘டிஸ்கி’ என்னும் குறிமுறையை ஒரு குழுவினர் வகுத்தனர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘டாப்’, ‘டாம்’ என்னும் இரு குறிமுறைகளை ஏற்றது. 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிய யூனிகோடு முறை இறுதியில் எங்கும் நிலைபெற்றது. அதில் ஒவ்வோர் எண்ணும் ஓரெழுத்துக்கே உரியது. அவ்வுரிமையை உலகப் பொது ஏடு காக்கிறது.

ஆயின் இடைப்பட்ட பத்தாண்டுகளில் எழுதப்பட்டவை என்னாயின? 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவாக்கி வருவது. அது டிஸ்கி வடிவில் வெளியிட்ட நூல்களை யூனிகோடுக்கு மாற்றியபோதும் பழைய வடிவத்தை அழிக்காது இரண்டையும் ஒருங்கே வைத்தது. டிஸ்கியின் அட்டவணை வெளிப்படையாக இருந்தமையால் மாற்றம் எளிதாயிற்று. அட்டவணை எவரிடமும் இல்லாத எழுத்துருக்களில் எழுதப்பட்ட கதைகளும் ஆண்டுமலர்களும் வினாத்தாள்களும் அத்தகைய நற்பேறு பெறவில்லை. கோப்பு வட்டில் இருக்கிறது, படிப்பார் இல்லை. எழுத்துருக் கோப்பு ஒன்றேனும் எங்கேனும் எஞ்சியிருந்தால் அதனைத் துணைக்கொண்டு இன்றும் அவற்றை மீட்கலாம்.

முடிவுரை

பொதி மேலாளர்களின் வரலாறு மூன்று நெறிகளைக் காட்டுகிறது. எப்பொருள் யாருடையது என்பதை எழுதிவைக்க வேண்டும். எடுப்பவர் அறிவித்து எடுக்க வேண்டும். மனிதர் கைப்பட்டதை அவரைக் கேளாமல் மாற்றலாகாது. மாற்ற நேரின் பழையதை அருகில் வைக்க வேண்டும். இம்மூன்றும் கணினிக்கு மட்டும் உரியன அல்ல. பாடநூலைத் திருத்துவோர்க்கும், பள்ளி ஆவணங்களைப் புதிய முறைக்கு மாற்றுவோர்க்கும், தெருப்பெயர் மாற்றுவோர்க்கும் பொருந்துவன.

தமிழ்ப்பள்ளிகளின் நிலைப்பேழைகளில் 1990களின் வட்டுகளும் மலர்களின் மூலக்கோப்புகளும் இன்னும் கிடத்தல் கூடும். அவற்றைத் தூக்கி எறியுமுன், எந்த எழுத்துருவில் எழுதப்பட்டன என்பதை ஒரு தாளில் குறித்து, அவ்வெழுத்துருக் கோப்பையும் உடன் சேர்த்து, யூனிகோடு வடிவொன்றையும் ஆக்கி வைத்தல் ஆசிரியர்கள் செய்யத்தக்க பணியாகும். அந்த ஒரு தாளே அவற்றின் உரிமையேடு.